டக்ளஸ் ஃபர் மரத்தின் அறிவியல் பெயரில் டக்ளஸ் ஏன் இல்லை? காய்ந்த கிளைகளைத் தேடிப் போனவரின் கதை

வட அமெரிக்காவில் வீடு கட்டும் மரச்சட்டம் முதல் கிறிஸ்துமஸ் மரம் வரை பல வேலைகளுக்குப் பயன்படும் ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது. பெயர் டக்ளஸ் ஃபர். நல்ல இடம் கிடைத்தால் ஏறக்குறைய நூறு மீட்டர் உயரம் வரை வளரும். ஆனால் தாவரவியல் புத்தகத்தைத் திறந்தால் அந்த மரத்துக்கு 'சூடோசுகா மென்சீசியை' என்று பெயர். சூடோசுகா என்றால் 'போலி ஹெம்லாக்'. அதாவது அது ஃபர் மரமே இல்லை. மென்சீசியை என்பது ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் என்பவரின் பெயர். அப்படியானால் டக்ளஸ் எங்கே போனார்?

விடை ஒரு காய்ந்த கிளையில் இருக்கிறது. மென்சீஸ் ஒரு கப்பல் மருத்துவர். ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணத்தில் போனவர், 1790-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து இந்த மரத்தின் கிளை ஒன்றைக் காய வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். 1803இல் ஐல்மர் லாம்பர்ட் தன் பைன் மரங்கள் பற்றிய பெரிய நூலில் அந்தக் கிளையைப் பார்த்துத்தான் மரத்தை விவரித்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து டேவிட் டக்ளஸ் அதே கரைக்குப் போய் அதன் விதைகளை அனுப்பினார். விதை முளைத்தது, மரம் வளர்ந்தது, மக்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தாவரவியலோ முதலில் வந்த காய்ந்த கிளையின் பக்கம் நின்றது. பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு இன்றைய அறிவியல் பெயர் உறுதியானது 1950இல்தான்.

இதில் ஒரு வேடிக்கை, மென்சீஸும் டக்ளஸும் ஸ்காட்லாந்தின் ஒரே பெர்த்ஷயர் பகுதிக்காரர்கள். இரண்டு பேரும் தோட்ட வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள்.

ஹெர்பேரியம் என்றால் என்ன?

டக்ளஸ் கதைக்குள் போவதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்வது நல்லது. ஹெர்பேரியம் என்பது காய வைத்த தாவரங்களின் நூலகம். தமிழில் உலர்தாவரகம் என்கிறார்கள். ஒரு செடியின் கிளையை இலை, பூ, காயோடு வெட்டி, காகிதங்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகை வைத்து இறுக்கிக் கட்டி, ஈரம் போகும்வரை காகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததும் தடிமனான தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டு. எங்கே எடுத்தது, எந்தத் தேதி, யார் எடுத்தது, எந்த மாதிரி நிலம், மரம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டு இல்லாத கிளை வெறும் சருகு.

இப்படிச் செய்த தாள் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் தாங்கும். ஒரு புதிய தாவரத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் இந்தத் தாள்தான் ஆதாரம். 'இந்தப் பெயர் இந்த மாதிரிக்கு உரியது' என்று ஒரு தாளைக் காட்டி உலகத்துக்குச் சொல்ல வேண்டும். நிலத்துக்குப் பத்திரம் மாதிரி.

சாதாரணச் செடிகளுக்கு இது பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இலை வைத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஊசியிலை மரங்களில்தான் சிக்கல். முதல் சிக்கல், கூம்பு. பைன், ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்களை அடையாளம் காண கூம்பு அவசியம். அது பெரும்பாலும் உச்சிக் கிளைகளில் இருக்கும். கையில் கிடைத்தாலும் காகிதத்தில் தட்டையாக்க முடியாது, முஷ்டி அளவிலோ முழ நீளத்திலோ இருக்கும். அதனால் கூம்பைத் தனிப் பெட்டியில் போட்டு, கிளைக்குக் கொடுத்த அதே எண்ணை அதற்கும் கட்ட வேண்டும். எண் மாறினால் ஒரு மரத்தின் கிளைக்கு இன்னொரு மரத்தின் கூம்பு சேர்ந்துவிடும். உண்மையான ஃபர் மரங்களின் கூம்பு இன்னும் மோசம். பழுத்ததும் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். கீழே கிடப்பதைப் பொறுக்கலாம் என்று போனால் முழுக் கூம்பு கிடைக்காது.

இரண்டாவது சிக்கல், ஊசியிலை. ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் கிளைகளைக் காகிதத்துக்குள் வைத்து, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பித் திறந்தால் இலை எல்லாம் கொட்டி மொட்டைக் குச்சி மட்டும் இருக்கும். இந்தக் கிளைகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. அழுத்துப் பலகைக்குள்ளும் பல நாள் உயிரோடு இருந்து, மெதுவாக இலையைக் கழற்றிவிடும். அதனால் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் கிளையைக் கொதிநீரில் முக்கி எடுத்து அதன் உயிரை உடனே நிறுத்திவிட்டுத்தான் காகிதத்தில் வைக்கிறார்கள். அப்படியும் உதிர்ந்தவற்றைப் போட்டு வைக்க தாளின் ஓரத்தில் சின்னக் காகித உறை ஒன்றை ஒட்டுவார்கள். மூன்றாவது, பிசின். கையில், கத்தியில், காகிதத்தில் எல்லாம் ஒட்டும்.

இதையெல்லாம் வசதியான அறையில் செய்வதே பாடு. டக்ளஸ் செய்தது மழைக்காட்டில், படகில், பல நாள் பட்டினியில்.

கல்தச்சரின் மகன்

டேவிட் டக்ளஸ் பிறந்தது 25 ஜூன் 1799, ஸ்காட்லாந்தின் ஸ்கோன் கிராமம். அப்பா கல்தச்சர். பையனுக்குப் படிப்பில் அவ்வளவு நாட்டமில்லை, பள்ளிக்கூடத்தைவிட வெளியில் சுற்றுவதே பிடித்தது. பத்து, பதினோரு வயதிலேயே ஊரிலுள்ள ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில் வேலை பழகச் சேர்ந்துவிட்டார். ஏழு வருடப் பயிற்சி. அதன்பிறகு இன்னொரு பிரபுவின் தோட்டத்தில் வேலை. அங்கே இருந்த நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. பள்ளியில் விட்டதை அங்கே பிடித்தார் என்று சொல்லலாம்.

1820இல் கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவில் வேலை கிடைத்தது. அதே நேரம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குத் தாவரவியல் பேராசிரியராக வந்தவர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர். பின்னாளில் லண்டனின் கியூ தோட்டத்துக்கு இயக்குநர் ஆனவர். அவருடைய வகுப்புகளுக்கு இந்தத் தோட்டக்காரப் பையன் போய் உட்கார்ந்தான். ஹூக்கர் அவரை ஸ்காட்லாந்து மலைகளுக்குச் செடி சேகரிக்கக் கூட்டிப் போனார். எதை வெட்டுவது, எப்படி அழுத்துவது, என்ன எழுதிவைப்பது என்ற கைப்பழக்கம் அங்கே வந்தது.

லண்டன் தோட்டக்கலைச் சங்கம் அப்போது உலகம் பூராவும் ஆள் அனுப்பி, பணக்காரர்களின் தோட்டங்களுக்குப் புதுச் செடி தேடிக்கொண்டிருந்தது. ஹூக்கர் சிபாரிசு செய்ய, சங்கத்தின் செயலாளர் ஜோசப் சபைன் டக்ளஸை எடுத்துக்கொண்டார். 1823இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு ஒரு சோதனைப் பயணம். நல்லபடியாக முடிந்தது. அடுத்த ஆண்டே மேற்குக் கரைக்கு அனுப்பினார்கள்.

எட்டரை மாதக் கடல், பிறகு ஓயாத மழை

1824 ஜூலையில் ஹட்சன் பே கம்பெனியின் 'வில்லியம் அண்ட் ஆன்' கப்பலில் புறப்பட்டார். அப்போது பனாமா கால்வாய் கிடையாது. தென் அமெரிக்காவைச் சுற்றித்தான் போக வேண்டும். வழியில் கலாபகோஸ் தீவில் நிறையச் செடிகளைச் சேகரித்தார். அங்கே பெய்த மழையிலும் கப்பலின் ஈரத்திலும் பெரும்பகுதி பூஞ்சை பிடித்து வீணானது. சார்லஸ் டார்வின் அந்தத் தீவுகளில் கால் வைப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. ஒருவருடைய காகிதங்கள் காய்ந்தன, இன்னொருவருடையவை காயவில்லை. வரலாறு சில சமயம் ஈரப்பதத்தைப் பொறுத்தது!

1825 ஏப்ரலில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம். கம்பெனியின் வான்கூவர் கோட்டைதான் அவருக்கு முகாம். முதலில் ஒரு கூடாரத்தில் இருந்தார். பிறகு மான்தோல் குடிசை, அதற்கும் பிறகு சீடர் மரப்பட்டையில் கட்டிய குடிசை. காகிதமும் செடியும் வைக்க இடம் போதாமல் வீடு மாறிக்கொண்டே இருந்தார் என்று சொன்னால் தப்பில்லை.

உள்நாட்டுப் பயணம் போகும்போது மூட்டையின் கணக்கு வினோதமாக இருக்கும். 1826 வசந்தத்தில் ஆற்றின் மேல்பகுதிக்குக் கிளம்பியபோது அவர் கொண்டுபோன காகிதம் மட்டும் 100 பவுண்டு எடைக்கு மேல், அதாவது 45 கிலோவுக்கும் அதிகம். படகில் இடம் குறைவு என்பதால் துணிமணிகளைக் குறைத்துக்கொண்டார். மழையில் நனைந்தால் முதலில் காகிதக் கட்டைக் காயப்போடுவார், அப்புறம்தான் தன் போர்வை.

ஒரு ராத்திரி காட்டு எலி ஒன்று வந்து, சேகரித்த விதைகளைத் தின்று, காய்ந்த செடிக் கட்டு ஒன்றையும் கடித்துக் குதறியது. அத்தோடு விடாமல் அவருடைய சவரக் கத்தியையும் சோப்பு பிரஷ்ஷையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. டக்ளஸ் எழுந்து துப்பாக்கியால் சுட்டார். இயற்கை ஆர்வலர் அல்லவா, எலியின் அளவையும் மறக்காமல் குறித்துக்கொண்டார்.

1825 அக்டோபரில் இங்கிலாந்துக்கு அனுப்பப் பெட்டிகளைக் கட்டும்போது துருப்பிடித்த ஆணியில் விழுந்து முழங்காலில் காயம். சீழ் வைத்து நடக்க முடியாமல் போனது. சேகரிக்கும்போது வராத ஆபத்து பெட்டி கட்டும்போது வந்தது. பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் அதே 'வில்லியம் அண்ட் ஆன்' கப்பல் 1829இல் கொலம்பியா ஆற்றின் வாயில் உடைந்து, அதில் இருந்த எல்லோரும் இறந்தார்கள். சேகரித்த எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றக் கூடாது என்று அக்காலச் சேகரிப்பாளர்கள் பயந்ததற்கு இதுதான் காரணம்.

உள்ளூர் மக்கள் அவரைப் 'புல் மனிதன்' என்ற பொருளில் அழைத்தார்கள். பீவர் தோல் வாங்கத்தானே வெள்ளைக்காரர்கள் வருவார்கள்? புல்லைப் பிடுங்கிக் காகிதத்தில் வைக்கும் ஆளை அவர்கள் அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை.

துப்பாக்கியால் பறித்த கூம்பு

டக்ளஸ் வாழ்க்கையில் எல்லோரும் சொல்லும் ஒரு நாள் உண்டு. அது 1826 அக்டோபர் 26.

அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பூர்வகுடி மனிதரின் புகையிலைப் பையில் சில பெரிய விதைகளை அவர் பார்த்திருந்தார். பைன் விதைகள். இவ்வளவு பெரிய விதை என்றால் மரம் எப்படி இருக்கும்? தெற்கே மலைகளில் இருக்கிறது என்றார்கள். ஒரு வருடம் அது அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்றைய ஓரிகன் மாநிலத்தின் அம்ப்குவா ஆற்றுப் பக்கம் போனபோது, தனியாக வந்த ஒரு பூர்வகுடி மனிதரைச் சந்தித்தார். மொழி தெரியாது. காகிதத்தில் ஒரு கூம்பையும் மரத்தையும் வரைந்து காட்டினார். அந்த மனிதர் தெற்கே மலைகளைக் கைகாட்டி, கூடவே நடந்தும் வந்தார்.

மரம் கிடைத்தது. இன்று சுகர் பைன் என்று அழைக்கப்படும் மரம். உலகின் பைன் இனங்களிலேயே உயரமானது, மிக நீளமான கூம்பும் இதனுடையதுதான். ஒரு முழத்துக்கு மேல் நீளம். காற்றில் விழுந்து கிடந்த ஒரு மரத்தை அளந்து, தரையிலிருந்து மூன்றடியில் சுற்றளவு 57 அடி 9 அங்குலம், நீளம் 215 அடி என்று குறித்துவைத்தார்.

கூம்புகள் உச்சிக் கிளைகளின் நுனியில் தொங்கின. ஏற முடியாது. கையில் இருந்த சின்னக் கோடரியால் வெட்டவும் முடியாது. துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட்டு மூன்று கூம்புகளை வீழ்த்தினார். சத்தம் கேட்டு எட்டுப் பேர் வந்தார்கள். உடம்பில் செம்மண் பூச்சு, கையில் வில், அம்பு, எலும்பு ஈட்டி, கல் கத்தி. டக்ளஸ் தன் வேலையை விளக்கிப் பார்த்தார். அவர்கள் உட்கார்ந்து புகைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வில்லில் நாண் ஏற்ற, இன்னொருவர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். டக்ளஸ் ஐந்தாறு அடி பின்வாங்கி, துப்பாக்கியையும் கைத்துப்பாக்கியையும் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு, பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. கடைசியில் அவர்களின் தலைவர் போலிருந்தவர் புகையிலை வேண்டும் என்று சைகை காட்டினார். கூம்பு கொண்டுவந்தால் தருகிறேன் என்று டக்ளஸும் சைகை. அவர்கள் கூம்பு தேடப் போனதும், மூன்று கூம்பையும் சில கிளைகளையும் அள்ளிக்கொண்டு முகாமுக்கு விரைந்தார். அன்றிரவு புல்லில் படுத்தபடி, பக்கத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, பிசின் நிறைந்த மரத்துண்டைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் குறிப்பு எழுதினார்.

இந்தக் கதை நமக்குத் தெரிவது டக்ளஸ் எழுதியதால் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த எட்டுப் பேருக்கு அது அவர்களுடைய காடு. அந்த விதை அவர்களுடைய சாப்பாடு. அங்கே ஒருவன் வந்து மரத்தைப் பார்த்துச் சுடுகிறான் என்றால் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்கள் பக்கத்து நாட்குறிப்பு எதுவும் இல்லை. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை டக்ளஸுக்குப் பயன்படுத்தும்போது இது ஞாபகத்தில் இருந்தால் நல்லது. மரத்தைக் காட்டிக்கொடுத்ததே ஒரு புகையிலைப் பை.

திரும்பும் வழியில் ஆறு ஒன்றைக் கடக்கும்போது அந்தப் பயணத்தின் சேகரிப்பில் ஒரு பகுதி தண்ணீரோடு போனது. இருந்தாலும் சுகர் பைன் அறிவியல் உலகுக்கு வந்து சேர்ந்தது. பைனஸ் லாம்பர்டியானா என்று டக்ளஸே பெயர் வைத்தார். பைன் நூல் எழுதிய அதே லாம்பர்டின் நினைவாக.

லண்டனில் புகழ், உள்ளுக்குள் புழுக்கம்

1827 மார்ச்சில் கொலம்பியாவிலிருந்து கிளம்பி, ராக்கி மலைத்தொடரை நடந்து கடந்து, கண்டத்தின் மறுபக்கம் ஹட்சன் வளைகுடாவில் கப்பல் ஏறினார். வழியில் ஒரு சிகரத்தில் ஏறி, அதன் உயரம் 16,000 அடிக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் பெயரை அதற்கு வைத்தார். பல பத்தாண்டுகள் வரைபடங்களில் அது வட அமெரிக்காவின் உயர்ந்த மலைகளில் ஒன்றாகவே இருந்தது. 1893இல் ஒருவர் தேடிப்போய் அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது, 9,200 அடிகூட இல்லை. செடிகளை அளந்த கைக்கு மலை சரியாக வரவில்லை.

லண்டனில் அவர் நாயகன். லின்னேயன் சங்கம் கட்டணமில்லாமல் உறுப்பினராக்கியது. அவர் அனுப்பிய சிவப்புப் பூக்கும் ஒரு புதர்ச்செடியின் வரவு மட்டுமே பயணச் செலவை ஈடுகட்டியது என்று தோட்டக்கலை உலகில் பேச்சு. ஆனால் கல்தச்சர் மகனுக்கு லண்டன் மேசைகள் ஒத்துவரவில்லை. பயண நூல் எழுத ஏற்பாடு ஆனது, எழுதி முடிக்கவில்லை. எரிச்சல், சண்டை, மனஸ்தாபம். காட்டில் எவ்வளவு பொறுமையான ஆள், நகரத்தில் அவ்வளவு கோபக்காரர்.

எழுதி வெளியிடாததன் விலை தாவரப் பெயர்களில் இன்றும் தெரியும். பாண்டெரோசா பைன், மேற்கு வெள்ளை பைன், கிராண்ட் ஃபர் போன்ற பல மரங்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் 'டக்ளஸ் எக்ஸ்' என்று போட்டு இன்னொருவர் பெயர் வரும். முன்னாள் காதலர் 'எக்ஸ்' இல்லைங்க. பெயரை யோசித்தவர் டக்ளஸ், முறைப்படி அச்சில் கொண்டுவந்தவர் வேறொருவர் என்று அர்த்தம். அவர் தாளும் சீட்டும் அனுப்பினார், மற்றவர்கள் மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள்.

1829இல் மறுபடி கிளம்பினார். 1830இல் கொலம்பியா சேர்ந்தபோது ஆற்றங்கரைக் கிராமங்களைக் காய்ச்சல் கொன்று தீர்த்துக்கொண்டிருந்தது. முன்பு அவருக்கு வழிகாட்டிய மக்களின் ஊர்கள் காலியாகக் கிடந்தன. ஆண்டு முடிவில் கலிபோர்னியாவின் மான்டரே போனார். அங்கே 1831இல் ஐரிஷ்காரரான தாமஸ் கோல்டரைச் சந்தித்தார். இரண்டு செடிப் பைத்தியங்கள், நல்ல நட்பு. இருவருமே மான்டரே பைன் மரத்தைச் சேகரித்தார்கள். கோல்டர் அனுப்பிய மாதிரியை வைத்து டேவிட் டான் என்பவர் 1836இல் பைனஸ் ரேடியேட்டா என்று பெயர் வெளியிட்டார். டக்ளஸ் மனதில் வைத்திருந்த 'இன்சிக்னிஸ்' 1838இல்தான் அச்சுக்கு வந்தது. இரண்டு ஆண்டு தாமதம். இன்று நியூசிலாந்தின் நடவுக் காடுகளில் ஏறக்குறைய முழுவதும் இந்த மரம்தான், 'ரேடியேட்டா' என்றே கூப்பிடுகிறார்கள். சொந்த ஊரில் அதன் நிலை தலைகீழ். கலிபோர்னியாவில் மூன்று இடங்கள், மெக்சிகோவின் இரண்டு தீவுகள், அவ்வளவுதான் அதன் இயற்கைக் காடு.

இதற்கிடையே லண்டனில் சபைன் பதவி விலகினார் என்ற செய்தி வர, விசுவாசத்தில் டக்ளஸும் சங்க வேலையை உதறினார். கண்ணும் போய்க்கொண்டிருந்தது. மணற்காற்று, பனி வெளிச்சம், வருடக்கணக்கான புகை எல்லாம் சேர்ந்து வலது கண் பார்வையைப் பறித்துவிட்டது. ஊசியிலையின் நுனியையும் கூம்புச் செதிலின் விளிம்பையும் பார்த்து இனம் பிரிக்கிறவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

ஆறு கொண்டுபோன 400 இனங்கள்

1833 ஜூன் 13. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றில் பாறைகளுக்கு இடையே அவருடைய படகு மோதி நொறுங்கியது. டக்ளஸ் சுழலில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரோடு போராடி, பாறையில் ஒதுங்கினார். கூட வந்தவர்களும் தப்பினார்கள். வானியல் குறிப்புகளும் கருவிகளும் தப்பின. போனது செடிகளும் நாட்குறிப்பும். சுமார் 400 இனங்கள். அதில் 250 பாசி வகைகள்.

எண்ணிக்கையாகக் கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஒவ்வொன்றும் பறித்து, விரித்து, நாள்தோறும் காகிதம் மாற்றி, நெருப்பருகே உலர்த்தி, எண் போட்டது. சீட்டில் எழுத வேண்டியதெல்லாம் நாட்குறிப்பில் இருந்தது, அதுவும் போயிற்று. ஒரு வேளை சில கட்டுகள் கரையில் கிடைத்திருந்தால்கூட, எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரியாத சருகாகத்தான் இருந்திருக்கும். இந்த விபத்து தன் உடம்பையும் மனதையும் உடைத்துவிட்டது என்று பிறகு ஹூக்கருக்கு எழுதினார்.

அதே ஆண்டு கடைசியில் ஹவாய் தீவுகளுக்குக் கப்பல் ஏறினார். 1834 ஜனவரியில் மவுனா கியா, மவுனா லோவா என்ற இரண்டு பெரிய எரிமலைகளிலும் ஏறினார். கூடவே பில்லி என்ற சின்ன டெரியர் நாய். பல ஆண்டுகளாக அவரோடு சுற்றியது.

ஜூலை 12 காலை. மவுனா கியா சரிவில் காட்டு மாடுகளைப் பிடிக்கக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். நெட் கர்னி என்ற மாட்டு வேட்டைக்காரரின் குடிசையில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு டக்ளஸ் கிளம்பினார். குழிகளைப் பற்றி எச்சரித்ததாகவும் கொஞ்ச தூரம் கூடவே வந்ததாகவும் கர்னி சொன்னார். சில மணி நேரம் கழித்து, காளை விழுந்திருந்த ஒரு குழிக்குள் டக்ளஸின் உடல் கிடந்தது. வழியில் சற்று மேலே அவருடைய மூட்டையும், அதன் அருகே பில்லியும். வயது 35.

கர்னி தண்டனைக் கைதியாக இருந்தவர். டக்ளஸிடம் பணம் இருந்தது என்றும் பேச்சு. கொலையா என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. உடலை உப்பிட்டுப் பதப்படுத்தி ஹொனலுலுவுக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவர்கள் பார்த்து, காயங்கள் மாடு முட்டியதால் வந்தவை என்றார்கள். சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஒற்றைக் கண், அதுவும் மங்கல், குழியின் ஓரம் என்று பார்த்தால் விபத்துக்குத்தான் அதிக வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பில்லி கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது.

அவர் அனுப்பிய தாள்கள் என்ன ஆயின?

1856இல் கடனில் இருந்த தோட்டக்கலைச் சங்கம் தன் ஹெர்பேரியத்தையே விற்றுவிட்டது. டக்ளஸ் காய வைத்த கிளைகள் பல கைகளுக்குப் பிரிந்து போயின. இன்று கியூ தோட்டம், லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், கேம்பிரிட்ஜ் என்று பல இடங்களில் அவை இருக்கின்றன. முதல் பயணங்களின் நாட்குறிப்பை ராயல் தோட்டக்கலைச் சங்கம் 1914இல்தான் நூலாக வெளியிட்டது, அவர் இறந்து 80 ஆண்டுகள் கழித்து. தாளில் உள்ள கிளையையும் நாட்குறிப்பில் உள்ள தேதியையும் பொருத்தி, எந்த மரம் எந்தக் கரையில் நின்றது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்க அது வழி செய்தது.

அவர் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த தாவரங்கள் 200க்கும் மேல். அதில் சிட்கா ஸ்ப்ரூஸ் இன்று பிரிட்டனில் மிக அதிகமாக நடப்படும் மரம். ஸ்காட்லாந்தின் கரிச் சதுப்பு நிலங்களில் அதை வரிசையாக நட்டது சரியா என்று 1980-களில் பெரிய சண்டையே நடந்தது. டக்ளஸ் ஃபர் நியூசிலாந்தில் தானாகப் பரவி மலைச்சரிவுகளை ஆக்கிரமிக்க, அதைப் பிடுங்க அங்கே ஆட்கள் வேலை செய்கிறார்கள். 1826இல் அவர் அனுப்பிய விதையிலிருந்து முளைத்த ஒரு மரம், அவர் சிறுவனாக வேலை பழகிய ஸ்கோன் அரண்மனைத் தோட்டத்தில் இன்னும் நிற்கிறது.

ஹொனலுலுவில் அவரைப் புதைத்த இடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கல்கூட இல்லை. 1850-களில் அந்தப் பக்கம் வந்த ஆங்கிலேயப் பயணி ஒருவர்தான் கல்வெட்டு வைக்க ஏற்பாடு செய்தார். அவர் இறந்த குழி இருந்த இடத்தில் 1934இல் நினைவுச்சின்னம் கட்டினார்கள். ஹவாய் மொழியில் அந்த இடத்துக்கு 'மருத்துவரின் குழி' என்ற பொருளில் பெயர். சுற்றிலும் டக்ளஸ் ஃபர் மரங்கள் நட்டிருக்கிறார்கள்.